பலர் கூடிப் பார்க்கும் படப்பெட்டி

நம் வீடுகளில் தகரப் பெட்டிக்குள் பழைய படங்கள் சில இருக்கும். ரப்பர் மரத்தடியில் பாட்டி பால் வாளியோடு நிற்பார். பக்கத்தில் நிற்பவர் யார் என்று கேட்டால், நமக்குத் தெரியாது. தெரிந்தவர் வேறு ஊரில் இருக்கலாம். அவர் கண்ணில் இந்தப் படம் படுவது எப்படி? இணையத்தில் பலர் சேர்ந்து படங்களைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்புகள் இதற்கு ஒரு வழியாகும். அவை இயங்கும் முறையை இன்று பார்ப்போம்.

ஃபிளிக்கர் என்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம். கனடாவின் வான்கூவர் நகரில் 2004ஆம் ஆண்டு ஒரு சிறு நிறுவனம் இதைத் தொடங்கியது. 2005இல் யாகூ நிறுவனமும், 2018இல் ஸ்மக்மக் நிறுவனமும் இதை வாங்கின.

இதில் படத்தை ஏற்றுபவர், கூடவே சில குறிச்சொற்களையும் எழுதலாம். 'ரப்பர்', 'பேராக்', '1962' என்று எழுதினால், அச்சொற்களைத் தேடுபவருக்கு அந்தப் படம் கிடைக்கும். சொல் இல்லாத படம் முகவரி இல்லாத கடிதம் போன்றது. மரத்தை மரமென்று இன்று கணினியே கண்டுகொள்ளும். அதனடியில் நிற்பவர் நம் அத்தை என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஒரே விருப்பமுள்ளவர்கள் குழுவாகச் சேர்ந்து படங்களைத் திரட்டலாம். படத்தின் கீழே தமக்குத் தெரிந்ததை எழுதலாம். இதனால் பயன் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். 2008ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஏறத்தாழ 3,000 பழைய படங்களை ஃபிளிக்கரில் வைத்தது. பார்த்த பொதுமக்கள் ஆட்களின் பெயர், இடம், நாள் ஆகியவற்றை எழுதினார்கள். நூலகத்தார் அவற்றைச் சரிபார்த்துத் தங்கள் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய நூலகம் அறியாததைச் சாதாரண மக்கள் அறிந்திருந்தார்கள்!

படத்தை யார் பார்க்கலாம் என்பதை ஏற்றியவரே முடிவு செய்யலாம்: தாம் மட்டுமா, குடும்பத்தாரா, எல்லாருமா? பிறர் அதை எடுத்துப் பயன்படுத்தலாமா என்பதையும் அவரே குறிப்பிடலாம். ஆகவே, பிறர் வீட்டுப் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது. அடையாளக் கார்டு எண் தெரியும் படத்தையும் தவிர்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கடை பிறருடையது, விதியும் அவர்களுடையது. கட்டணம் செலுத்தாதவர் 1,000 படங்கள் வரைதான் வைக்கலாம் என்றும், மிஞ்சியவை பழையவற்றில் தொடங்கி நீக்கப்படும் என்றும் 2018 நவம்பரில் ஃபிளிக்கர் அறிவித்தது. அங்கே மட்டும் படங்களை வைத்திருந்தவர்கள் அவசரமாக அவற்றை இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. எனவே, மூலப்படத்தை வீட்டில் பத்திரமாக வையுங்கள். இணையத்தில் ஏற்றியது பிறர் பார்ப்பதற்கு. சேமிப்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். தகரப் பெட்டியைத் திறந்து, வீட்டுப் பெரியவரின் அருகில் உட்காருங்கள். ஒவ்வொரு படத்தையும் காட்டிப் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைக் கேட்டு, படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். படத்தைப் பிறகும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால், பெயர் சொல்லக்கூடியவர் நம்மோடு இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.