அலுவலகம் இருந்தது, உரிமை இல்லை: வாஷிங்டன் லத்தீனோ மக்களின் அனுபவம்

ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்திற்கென அரசு தனி அலுவலகம் திறக்கும்போது, அதன் பெயர்ப்பலகையை விட்டுவிட்டு அதை நிறுவிய சட்டத்தை நாம் படிக்க வேண்டும். அந்த அலுவலகம் பிற துறைகளுக்கு ஆணையிட முடியுமா, ஆலோசனை மட்டுமே கூற முடியுமா? அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது.

அந்நகரம் தனக்கான மேயரையும் மன்றத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமையை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பெற்றது. புதிய மன்றம் 1976இல் இயற்றிய சட்டத்தால் லத்தீனோ விவகார அலுவலகம் உருவானது. உடல்நலம், கல்வி, வேலைவாய்ப்பு, சமூகநலப் பணிகள் ஆகியவை லத்தீனோ மக்களைச் சென்றடைவதை உறுதிசெய்வதே அதன் நோக்கம். எனினும் அதன் இயக்குநர் மேயரால் நியமிக்கப்படுபவர். காவல்துறையோ நலத்துறையோ அவருடைய ஆணைக்கு உட்பட்டவை அல்ல.

இந்த இடைவெளி 1991 மே 5 அன்று வெளிப்பட்டது. எல் சால்வடோர் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்தோர் பெருமளவில் வாழ்ந்த மவுண்ட் பிளசன்ட் பகுதியில், அந்நாட்டவர் ஒருவரைக் கைது செய்ய முயன்ற காவலர் அவரைச் சுட்டார். அவர் கத்தியுடன் பாய்ந்தார் என்றது காவல்துறை. அவருக்குக் கைவிலங்கு பூட்டப்பட்டிருந்தது என்றனர் அப்பகுதி மக்கள். கொந்தளிப்பு மூண்டு, ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அப்போது மேயராக இருந்த ஷேரன் பிராட் டிக்சன் ஒரு கறுப்பினப் பெண் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஒடுக்கப்பட்ட ஒரு பிரிவினர் ஆட்சிக்கு வருவதனாலேயே மற்றொரு பிரிவினருக்கு நீதி தானாகக் கிடைத்துவிடுவதில்லை.

கூட்டாட்சி அரசின் குடிமை உரிமைகள் ஆணையம் விசாரணை நடத்தி, 1993இல் அறிக்கை வெளியிட்டது. காவல்துறை அத்துமீறல், ஸ்பானிய மொழி அறிந்த ஊழியர்களின் பற்றாக்குறை, நகர அரசுப் பணிகளில் லத்தீனோ மக்களின் குறைவான பங்கு ஆகியவற்றை அது பதிவுசெய்தது. தனி அலுவலகம் செயல்பட்டுவந்த நகரத்தின் நிலை இது.

அடுத்த கட்டம் 2004ஆம் ஆண்டின் மொழி அணுகல் சட்டம். ஒரு துறை சேவையளிக்கும் மக்களில் 3 விழுக்காட்டினர் அல்லது 500 பேர், இவற்றுள் எது குறைவோ, அவ்வளவு பேர் ஒரு மொழியைப் பேசினால், முக்கிய ஆவணங்களை அம்மொழியில் தர வேண்டும். வாய்மொழி உதவிக்கு இந்த வரம்பும் இல்லை. ஸ்பானிய மொழி பேசுவோருடன் அம்ஹாரிக், வியட்நாமிய மொழி பேசுவோரும் இதனால் பயனடைந்தனர். ஒரு சமூகத்தின் கோரிக்கை அனைவருக்குமான உரிமையாக விரிந்தது.

முறையீடுகளை விசாரித்து, சட்டமீறலை எழுத்துப்பூர்வமாக அறிவிக்கும் பொறுப்பு நகரின் மனித உரிமைகள் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயினும் பாதிக்கப்பட்டவருக்கான இழப்பீட்டை 2004ஆம் ஆண்டுச் சட்டம் வகுக்கவில்லை. ஓர் ஏழைத் தாய் மொழிபெயர்ப்பாளர் இன்றித் திருப்பி அனுப்பப்பட்டால், துறை தவறிழைத்தது என்ற அறிவிப்பு வரலாம். அவர் இழந்த உதவித்தொகையும் வேலைநாளும் அதனால் திரும்பா.

எனவே இத்தகைய அலுவலகம் எதையும் மதிப்பிடுகையில் நாம் மூன்றைக் கேட்போம். துறைகள்மீது அது சுமத்தும் கடமை எது? கடமை மீறப்பட்டால் முறையிட வேண்டிய இடம் எது? முறையிட்டவருக்குக் கிடைக்கும் நிவாரணம் எது? இம்மூன்றும் சட்டத்தில் எழுதப்படும்வரை, மக்கள் பெறுவது சலுகையாகவே இருக்கும்.