கையில் ஒரு பென்குயின்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு, வழமைபோல எங்கள் வீட்டு விறாந்தையில் சாச்சியின் பிள்ளைகளும் நானும் வட்டமாக இருந்து மருதோண்டி போட்டோம். மற்றவர்கள் பூவும் கொடியும் போட்டுக்கொள்ள, நான் மட்டும் என் மணிக்கட்டின் மேல் ஒரு சிறிய பென்குயினை வரைந்துகொண்டேன். காலையில் அது நன்றாகச் சிவந்து கறுத்திருந்தது. தொழுகைக்குப் புறப்பட்ட வாப்பா என் கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன மகள் இது? பச்ச குத்தினியா?”

“இல்ல வாப்பா, மருதோண்டிதான். இது லினக்ஸ் பென்குயின்.”

“அது யாரு?” என்று கேட்டார் உம்மம்மா.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அன்று பகல் முழுவதும் வாப்பாவுக்கும் உம்மம்மாவுக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி படிக்காத பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

வாப்பா பயந்ததில் பிழையில்லை. உலகத்தில் உண்மையாகவே இந்தப் பென்குயினைத் தோலில் பச்சை குத்திக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். சிலர் டெபியன் என்ற மென்பொருளின் சிவப்புச் சுழியைக் குத்தியிருக்கிறார்கள். வேறு சிலர் செய்நிரல் வரிகளையே கையில் எழுதிவைத்திருக்கிறார்கள். பச்சை குத்துவது நமது மண்ணுக்குப் புதிதல்ல. கையில் புள்ளிக் கோலமும் உறவினர் பெயரும் குத்திக்கொண்ட வயதான தமிழ்ப் பெண்களை உம்மம்மா சிறு வயதில் கண்டிருக்கிறார். தமிழ்நாட்டில் 2016 பெப்ரவரியில், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்காகக் கட்சித் தொண்டர்கள் பலர் அவருடைய உருவத்தைக் கையில் குத்திக்கொண்டார்கள். தலைவருக்கும் நடிகருக்கும் பச்சை குத்துவது நமக்கு விளங்குகிறது. ஒரு மென்பொருளுக்கு ஏன்? அதற்கு முகமும் இல்லை, குரலும் இல்லையே!

இதற்கு விடை காண, அது எப்படிப்பட்ட மென்பொருள் என்பதை முதலில் அறிய வேண்டும்.

எங்கள் உம்மா அபாயா தைப்பவர். கடையில் அபாயா வாங்கினால் துணி மட்டும்தான் நம் கைக்கு வரும். அதை வெட்டிய அளவுக் கடதாசி தைத்தவரிடமே இருக்கும். இப்போது ஒரு கடைக்காரர் இப்படிச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள்: “இந்த அபாயாவை நீங்கள் மட்டும் உடுக்கலாம். தையலைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. கை நீளமென்றால் குறைக்கக் கூடாது. தங்கைக்கும் கொடுக்கக் கூடாது.” விலைக்கு விற்கப்படும் மென்பொருள்களில் பெரும்பாலானவை ஏறக்குறைய இந்த நிபந்தனைகளோடுதான் வருகின்றன. திறந்த மூல மென்பொருளோ அளவுக் கடதாசியையும் சேர்த்தே தருகிறது. விரும்பியபடி பயன்படுத்தலாம், எப்படிச் செய்யப்பட்டதென்று பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அந்த அளவுக் கடதாசியைத்தான் நாங்கள் பாடத்தில் மூலக் குறிமுறை என்கிறோம்.

இந்த எண்ணத்தை ஓர் இயக்கமாக ஆக்கியவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன். 1983இல் அவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். அவர் எழுதிய உரிமத்தில் அழகான ஒரு நிபந்தனை உண்டு. இதைத் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், திருத்திய அளவுக் கடதாசியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வாங்கியவர் வழியை அடைத்துவிடக் கூடாது. 1991இல் பின்லாந்தில் 21 வயது மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் கருவை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவரும் இதே உரிமத்தைத் தெரிவுசெய்தார். அதன் சின்னமான பென்குயினை 1996இல் லாரி யூயிங் என்பவர் வரைந்தார். வரையப் பயன்படுத்திய கிம்ப் என்ற மென்பொருளும் திறந்த மூலம்தான்.

“இதெல்லாம் வெளிநாட்டுக் கதை” என்றார் வாப்பா. நான் அவருடைய சட்டைப் பையைக் காட்டினேன். அதிலிருந்த அன்ட்ராய்ட் கைத்தொலைபேசி லினக்ஸ் கருவின் மேல்தான் இயங்குகிறது. உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளும் 2017 முதல் லினக்ஸில்தான் இயங்குகின்றன. பென்குயின் எப்போதோ எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. எங்களுக்குத்தான் தெரியாது.

இப்படி இலவசமாகவும் திறந்த மனத்தோடும் தரப்பட்ட ஒன்றின் மேல் மனிதர்களுக்குப் பற்று உண்டாவது இயல்பு. 2004 டிசம்பர் 16ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் பயர்பொக்ஸ் உலாவிக்கு இரண்டு முழுப் பக்க விளம்பரம் வந்தது. செலவைக் கொடுத்தது கம்பனி முதலாளி அல்ல. அதைப் பயன்படுத்தும் ஏறத்தாழ 10,000 பேர் காசு சேர்த்தார்கள். அவர்களுடைய பெயர்கள் அந்தப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகின. 2006இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் ஓர் ஓட்ஸ் வயலில் பயிரைச் சாய்த்து, 220 அடி அகலத்தில் பயர்பொக்ஸ் சின்னத்தை உருவாக்கினார்கள். இதைச் சொன்னபோது உம்மம்மா, “வெளஞ்ச பயிரையா மிதிச்சாங்க?” என்று கவலைப்பட்டார். வயலின் அருமை வன்னியில் இருப்பவர்களுக்குத்தானே தெரியும்!

பச்சை குத்தலில் வெறும் விருப்பத்தைத் தாண்டிய ஒரு கதையும் உண்டு. 1990களில், செய்திகளைப் பிறர் வாசிக்க முடியாதபடி மறைக்கும் பலமான மறைகுறியாக்க மென்பொருளை அமெரிக்கச் சட்டம் ஆயுதங்களின் பட்டியலில் வைத்திருந்தது. அனுமதியின்றி அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். அப்போது அந்த முறை முழுவதும் பேர்ள் என்ற நிரல்மொழியில் மூன்றே வரிகளில் சுருக்கி எழுதப்பட்டது. அந்த மூன்று வரிகளையும் ஒருவர் தன் கையில் பச்சை குத்திக்கொண்டார். இனி அவர் விமானம் ஏறினால் அவருடைய கையே கடத்தல் ஆயுதம்! சட்டத்தின் மடமையைக் காட்ட அவர் தேர்ந்த வழி அது. பின்னர் அந்தச் சட்டம் பெருமளவு தளர்த்தப்பட்டது. இன்று வங்கிக் கணக்கையும் தனிப்பட்ட செய்திகளையும் நாம் பாதுகாப்பாக அனுப்புவது இத்தகைய மறைகுறியாக்கத்தால்தான்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். அந்தப் பத்திரிகை விளம்பரம் வந்து பத்தாம் நாள், 2004 டிசம்பர் 26, கடல் ஊருக்குள் வந்தது. முல்லைத்தீவுக் கரை எப்படிச் சிதைந்தது என்பதை இங்குள்ள பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் மட்டும் 30,000இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்த முகாமுக்கு என்ன தேவை, எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்பதையெல்லாம் கடதாசியில் எழுதி முடிக்க முடியவில்லை. அப்போது லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசனைச் சுற்றித் திரண்ட நம் நாட்டுக் கணினித் தொண்டர்கள், சில நாட்களிலேயே ‘சஹன’ என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் அதில் இருந்தன. அதை எழுதிய கருவிகள் பிஎச்பி, மைஎஸ்கியூஎல். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் நாங்கள் பரீட்சைக்காகப் படிக்கும் அதே கருவிகள்!

சஹன திறந்த மூலமாக இருந்ததால், துன்பம் வந்த வேறு நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டு விருதும் சஹனவுக்கே கிடைத்தது. நமது கரையில் விழுந்த அடியிலிருந்து பிறந்த ஒன்று, அடுத்தவர் காயத்துக்கு மருந்தாகப் போயிற்று. இதை வாசித்த நாளில்தான் பென்குயின் எனக்கு நெருக்கமாயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. அது எங்கள் வீட்டுக் கதை.

நானா வாங்கித் தந்த பழைய கணினியில் இருந்தவை அனைத்தும் உரிமம் இல்லாத பிரதிகள். ஒரு கடையில் சொற்ப காசுக்கு ஏற்றித் தந்தார்கள். உரிமம் பற்றி வகுப்பில் படித்த அன்று இரவு வாப்பாவிடம் அதைச் சொன்னேன். வாப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தராசு முள் சரியாக நின்றாலும், ஒரு பிடி கூட்டிப் போட்டுத்தான் பொதி கட்டுவார். “அப்ப நாம களவுப் பொருளையா வெச்சிருக்கிறம்?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. புதிதாக உரிமம் வாங்க எங்களிடம் பணமும் இல்லை.

அடுத்த வாரம் எங்கள் ஆசிரியையிடம் கேட்டு, லினக்ஸ் குடும்பத்து இலவசப் பணிசெயல் முறைமை ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்து நானே ஏற்றினேன். எல்லாம் எளிதாக நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அச்சுப்பொறி ஒரு கிழமை வேலை செய்யவில்லை. வாப்பாவின் பழைய கணக்குகள் பாமினி எழுத்துருவில் இருந்ததால், யூனிக்கோடுக்கு மாற்றும்வரை எழுத்தெல்லாம் புரியாத குறிகளாகத் தெரிந்தன. வாப்பா பொறுமையாக இருந்தார். எல்லாம் சரியான பிறகு, “இப்ப இது ஹலாலா மகள்?” என்று கேட்டார். “ஓம் வாப்பா” என்றேன். என் வாழ்வில் நான் நிறுவிய முதல் மென்பொருள் அது.

ஆகவே, பச்சை குத்துபவர்களின் மனம் எனக்கு ஓரளவு விளங்குகிறது. ஆனால் அவர்கள் வழி என் வழியல்ல. பச்சை குத்துவது நமது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அது ஒருபுறமிருக்க, மென்பொருளும் ஒரே நிலையில் நிற்பதில்லை. பயர்பொக்ஸ் 2002இல் பீனிக்ஸ் என்ற பெயரோடு வந்தது. 2003இல் பயர்பேர்ட் ஆனது. 2004இல்தான் இன்றைய பெயர் கிடைத்தது. சின்னமும் பலமுறை மாறிவிட்டது. பீனிக்ஸ் பறவையை அன்று தோலில் குத்தியவர் இருந்தால், இன்று அவர் பாவம்தான்.

பற்றைக் காட்ட வேறு இடமும் இருக்கிறது. டெபியனைத் தொடங்கிய இயன் மர்டொக், தன் காதலியாக இருந்து பின்னர் மனைவியான டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்தே அந்தப் பெயரை வைத்தார். மைஎஸ்கியூஎல் என்ற பெயரின் முற்பகுதி, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸின் மகளுடைய பெயர். அந்தத் தந்தை மகளின் பெயரைத் தன் வேலையில் எழுதினார். வாப்பாவுக்கு மிகவும் பிடித்தது இந்தச் செய்திதான்.

நாமும் வேலையில் எழுதலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்றில்லை. தமிழ் தெரிந்தால் போதும். பல திறந்த மூல மென்பொருள்களில் தமிழ்ப் பட்டியல்கள் பாதியில் நிற்கின்றன. மென்பொருளில் உள்ள பிழைக்குக் கணினித் தமிழில் ‘வழு’ என்று பெயர். இலக்கண வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று படித்த நமக்கு, வழுவைக் கண்டு சொல்வது புது வேலையா?

நானும் என் தோழியர் இருவரும் ஒரு மென்பொருளுக்காக நாற்பது வரிகளைத் தமிழாக்கி அனுப்பினோம். சில நாளில் முகமறியாத ஒருவரிடமிருந்து குறிப்பு வந்தது. நாங்கள் ‘கடதாசி அளவு’ என்று எழுதியது இலங்கையில் விளங்கும், தமிழ்நாட்டில் எல்லோருக்கும் விளங்குமா என்று கேட்டிருந்தார். எங்களுக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது. கடைசியில் இரு கரைக்கும் பொதுவாகத் ‘தாள் அளவு’ என்று மாற்றினோம். அது ஏற்கப்பட்டது.

என் கையிலிருந்த பென்குயின் இரண்டு கிழமையில் மங்கி மறைந்துவிட்டது. உம்மாவுக்கு அதில் நிம்மதி. ஆனால் சென்னையிலோ சிங்கப்பூரிலோ யாரோ ஒருவர் அச்சிடுவதற்காக அந்தப் பட்டியலைத் திறக்கும்போது, ‘தாள் அளவு’ என்ற சொல் அவர் கண்ணில் படும். வன்னியில் மூன்று மாணவியர் ஒரு மாலைப் பொழுது முழுவதும் வாதாடித் தெரிந்த சொல் அது என்று அவருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? அவருடைய தாள் சரியாக அச்சாகட்டும்.