செம்புக் குழாய்க்குள் சில துளி நீர்

ஆவடியைத் தாண்டி ரயில் மேற்கே போகும் வழியில், திருவள்ளூரை ஒட்டி இருக்கிறது காக்களூர். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று அங்கேதான் தொடங்கி வைக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் மாணவர் கைகளுக்குப் போயின. அந்த மாணவர்கள் பலர் இன்று வேலையில் இருக்கிறார்கள். லேப்டாப்களில் எத்தனையோ அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் பீரோ மேலே பைக்குள் கிடக்கின்றன. "ஆன் ஆகுது, பத்து நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிடுது" என்று சொல்லி ஓரங்கட்டப்பட்டவை அவற்றில் நிறைய.

தானாக அணைவது கோளாறு அல்ல, தற்காப்பு. புராசஸரின் சூடு 100 டிகிரியை நெருங்கினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு ஏறினால் மின்சாரத்தையே நிறுத்திவிடும். எரிந்துபோகாமல் அணைந்துபோன அந்த லேப்டாப்புக்குப் பெரும்பாலும் உயிர் இருக்கிறது. சூடு வெளியேறும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. அந்த வழியைத் திறக்க வீட்டு மேஜையும் ஒரு நல்ல சிறிய ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் போதும்.

முதலில் பேட்டரி. பழைய மாடல்களில் அடிப்பக்கத்துத் தாழ்ப்பாள்கள் இரண்டைத் தள்ளினால் கழன்றுவிடும். உள்ளே வரிசையாக உருளை செல்கள்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம். 2008-இல் வந்த டெஸ்லாவின் முதல் கார் ஓடியது இதே அளவு செல்கள் 6,831-ஐச் சேர்த்துத்தான். மெல்லிய புது மாடல்களில் பேட்டரி தட்டையாக உள்ளே இருக்கும். அது வீங்கியிருந்தால் அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. பேட்டரியைக் கழற்றியபின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்னூட்டமும் வடிந்துவிடும்.

ஸ்க்ரூக்களில் கவனம் வேண்டும். பார்க்க ஒன்றாக இருக்கும், நீளம் மாறும். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் முனை மதர்போர்டில் போய் இடிக்கும். காகிதத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை எடுத்த இடத்திலேயே ஒட்டி வைப்பதுதான் நம்பகமான வழி. சில ஸ்க்ரூக்களின் முனையில் நீல நிறம் தெரியும். அது வண்ணத்துக்காகப் பூசியது அல்ல. அதிர்வில் தளராமல் மரையைப் பிடித்துக்கொள்ளும் பூச்சு.

நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3,000 வோல்ட்டைத் தாண்டினால்தான் விரலில் 'சுளீர்' என்று தெரியும். சில்லுகள் சிலவற்றுக்கு நூறு வோல்ட்டே ஆபத்து. நமக்குத் தெரியாமலேயே அவற்றைக் கெடுத்துவிட முடியும். சென்னையின் ஈரக்காற்று இதில் நமக்குத் துணை, ஏனென்றால் ஈரம் மின்னூட்டத்தைச் சேரவிடாது. ஏசி ஓடும் அறையில் அந்தத் துணை குறைவு. எர்த் உள்ள உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

கீபோர்டைத் தூக்கினால் ஒரு பட்டைக் கேபிள் அதை மதர்போர்டோடு பிணைத்திருக்கும். கேபிள் நுழையும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூட்டு ஒன்று உண்டு. நகத்தால் அதை நிமிர்த்தினால் கேபிள் இழுக்காமலே வழுக்கி வரும்.

இனி ஃபேன். மூடியைக் கழற்றினால் காரணம் கண்முன் கிடக்கும். ஃபேனுக்கும் அதையடுத்த செம்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை: துணி இழை, தலைமுடி, லாரிகள் கிளப்பிய ரோட்டுப் புழுதி. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்தால் முழுசாக உரிந்து வரும். ஃபேன் இத்தனை நாளும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுக்குத்தான் வழியில்லை.

தகடுகளிலிருந்து புராசஸர் வரை ஒரு தட்டையான செம்புக் குழாய் போகிறது. என்னைக் கேட்டால் இந்த இயந்திரத்திலேயே அழகான பாகம் இதுதான். சிறிய லேப்டாப் புராசஸர்கள் பலவற்றுக்கு வெப்ப வரம்பு 15 வாட். கேட்கச் சிறிய எண்தான். ஆனால் அது வெளிவரும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர். நம் வீட்டு 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். அந்தச் சில்லு அதைப் போல மூன்று மடங்கு.

இவ்வளவு சூட்டையும் சுமப்பது குழாய்க்குள் இருக்கும் சில துளி நீர். உள்ளே காற்றை எடுத்துவிட்டு நீரை மட்டும் அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் 100 டிகிரிக்குக் காத்திராமல் 40, 50 டிகிரியிலேயே அது ஆவியாகும். ஒரு கிராம் நீர் ஆவியாக 2,300 ஜூலுக்கு மேல் வேண்டும். ஆகவே 15 வாட்டை வாங்கிக்கொள்ள விநாடிக்கு ஆறேழு மில்லிகிராம் நீர் ஆவியானால் போதும். ஆவி மறுமுனைக்கு ஓடி, தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகிறது. குழாயின் உட்சுவரில் நுண்துளைகள் கொண்ட செம்புப் படலம் உண்டு. நீர் அதன் வழியே ஊறி வந்த இடத்துக்கே திரும்புகிறது. பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை. 1944-இலேயே ரிச்சர்ட் காக்லர் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தாமாகவே இதை மீண்டும் கண்டறிந்தார். அவர் குழுவின் எண்ணத்தில் இருந்தது விண்கலங்களுக்கான மின்சாரம்.

குழாயைத் தூக்கினால் சில்லின்மேல் காய்ந்து வெடித்த சாம்பல் நிறப் பசை தெரியும். தொட்டுப் பார்த்தால் வழவழப்பாகத் தோன்றும் இரண்டு பரப்புகளுக்கு நடுவிலும் காற்று புகுந்திருக்கும். செம்பைவிடக் காற்று சுமார் 15,000 மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. அந்த இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாக மெல்லப் பூசினால் போதும். தடித்துப் பூசினால் அதுவே தடையாகும். குழாயைத் திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் பொறித்திருப்பதைக் காணலாம். அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாக விழும்.

இப்படிக் கழற்றிப் பூட்ட எல்லா லேப்டாப்பும் வழிவிடுவதில்லை. பிரான்ஸில் 2021 முதல் லேப்டாப்புகளுக்கு 'எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம்' என்று மதிப்பெண் போட்டே விற்க வேண்டும். ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும் மெலிந்த மாடல்களைப் பார்க்கும்போது, கழற்றிப் பூட்ட வழிவிட்ட நம் பழைய கனத்த பெட்டிகள்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

எல்லாம் மாட்டி ஆன் செய்கிறீர்கள். சென்னையின் சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் இயங்குதளமோ விண்டோஸோ எழுந்து வருகிறது. பத்து நிமிஷம் கடந்தும் அணையவில்லை. வைஃபையும் கிடைக்கிறது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. எதையோ உடைத்துவிட்டோம் என்று பதற வேண்டாம். திரை மூலையில் தேதியைப் பாருங்கள். பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் காட்டும் சான்றிதழில் அது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று குறித்திருக்கும். கணினி தான் இன்னும் 2012-இல் இருப்பதாக நினைத்தால், அந்தச் சான்றிதழை எப்படி ஏற்கும்?

லேப்டாப் அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காப்பது விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு வரும். அதற்கு மின்சாரம் தருவது 3 வோல்ட் பட்டன் செல். பீரோ மேல் கிடந்த வருடங்களில் அது தீர்ந்திருக்கும். சில மாடல்களில் ஒயர் பிடித்து வரும் வகை. சாதாரண வகை என்றால் அம்பத்தூர் ஓ.டி.யில் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் தளங்கள் திறந்துகொள்ளும்.