விளையாட்டுக் கருவி: விலைச் சீட்டில் இல்லாத கணக்கு

பொங்கல் விடுமுறைக்குச் சாணார்பட்டி வந்திருந்த என் பேரன், வந்த அன்றே ஒரு கேள்வியை முன்வைத்தான். “தாத்தா, பிளேஸ்டேஷன் 5 வாங்கலாமா, வேண்டாமா? பிடிக்குது, பிடிக்கலைன்னு சொல்லாதீங்க. எகனாமிக்ஸ் கணக்குப் போட்டுச் சொல்லுங்க.” மதுரையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிப்பவன். ஏழாண்டுகளாகப் பிளேஸ்டேஷன் 4 வைத்திருக்கிறான். நுகர்வோர் தேர்வு பற்றி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பெடுத்த எனக்கு அவன் வைத்த தேர்வு இது.

தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடும் இக்கருவிகள் ‘தலைமுறை’ கணக்கில் வருகின்றன. ஆறேழு ஆண்டுகளுக்கு ஒரு முறை, சோனியும் மைக்ரோசாஃப்டும் புதிய தலைமுறையை அறிமுகப்படுத்தும். பிளேஸ்டேஷன் 4 இந்தியாவுக்கு 2014 ஜனவரியில் 39,990 ரூபாய்க்கு வந்தது. பிளேஸ்டேஷன் 5, 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. வட்டு இயக்கி இல்லாத ‘டிஜிட்டல்’ வகை 39,990 ரூபாய்.

என் தலைமுறையின் அனுபவ அறிவு, ‘மின்னணுப் பொருளா, கொஞ்சம் பொறு, விலை இறங்கும்’ என்பது. அது முன்பு உண்மையாகவும் இருந்தது. அமெரிக்காவில் 2000இல் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2002இல் 199 டாலருக்கு இறங்கியது. 2013இல் 399 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, மூன்றாண்டுகளில் 299 ஆனது. ஐந்தாம் தலைமுறையில் இந்த விதி உடைந்துவிட்டது. 2022 நவம்பரில் இந்திய விலை 54,990 ஆக உயர்ந்தது. 2024 ஏப்ரலில் மெல்லிய வடிவம் வந்தபோதும் அதே விலைதான். அமெரிக்காவிலேயே, 2020இல் 499 டாலராக இருந்தது 2025 ஆகஸ்டில் 549 டாலரைத் தாண்டியது. சில்லுகளின் உற்பத்திச் செலவு முன்புபோல வேகமாகக் குறைவதில்லை. நமக்கு இன்னொரு சுமையும் உண்டு: 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 73 ரூபாய், 2025இல் 85ஐக் கடந்துவிட்டது. 2018 நிதிநிலை அறிக்கை இப்பொருள்கள் மீதான சுங்க வரியை 10இலிருந்து 20 சதவீதமாக்கியது. ஜிஎஸ்டி 2019 ஜனவரி முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது ஓரளவு ஆறுதல். எனவே ‘விலை இறங்கட்டும்’ என்ற ஒரே காரணத்துக்காகக் காத்திருப்பது இன்று பயனற்றது. பண்டிகைக் காலத் தள்ளுபடியில் சில ஆயிரம் குறையலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் உடனே வாங்கியவர்கள் புத்திசாலிகளா? அதுவும் இல்லை. ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’, ‘கிரான் டூரிஸ்மோ 7’, ‘காட் ஆஃப் வார் ரக்னராக்’ என 2022இல் பெரிதாகப் பேசப்பட்ட சோனியின் விளையாட்டுகள் பழைய கருவிக்கும் வெளிவந்தன. கையில் பத்துக் கோடிக்கும் அதிகமான பழைய கருவிகள் இருக்கும்போது எந்த நிறுவனமும் அந்தச் சந்தையைச் சட்டென்று கைவிடாது. முதல் இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவன் இழந்தது சொற்பம். காத்திருப்பதன் பயன் கருவியின் விலையில் இல்லை. விளையாட்டுகளின் விலையில்தான் இருந்தது.

இங்குதான் விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். கருவியை விற்பது இந்நிறுவனங்களின் முதன்மை வருமானம் அன்று. எக்ஸ்பாக்ஸ் கருவி விற்பனையில் ஒருபோதும் லாபம் ஈட்டியதில்லை என்று, 2021 மே மாதம் எபிக், ஆப்பிள் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் சாட்சியம் அளித்தார். சோனியும் 499 டாலர் கருவியைத் தொடக்கத்தில் நட்டத்துக்கே விற்றது. அந்த நட்டம் நின்றுவிட்டதாக 2021 ஆகஸ்டில்தான் அறிவித்தது. பணம் வருவது விளையாட்டுகளிலிருந்தும், பிறர் உருவாக்கும் விளையாட்டுகளின் விற்பனையில் எடுக்கும் பங்கிலிருந்தும், உறுப்பினர் கட்டணத்திலிருந்தும். சவரக் கைப்பிடியை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதிக்கும் பழைய உத்திதான்.

பேரனின் பழக்கத்தை வைத்துக் கணக்கிட்டோம். ஆண்டுக்கு நான்கு புதிய விளையாட்டுகள். சோனியின் பெரிய விளையாட்டுகள் பழைய கருவிக்கு 3,999 ரூபாய் என்றால், புதியதற்கு 4,999. ஐந்தாண்டில் இருபது விளையாட்டுகளுக்கு 99,980 ரூபாய். நண்பர்களுடன் இணையவழி விளையாடத் தேவைப்படும் அடிப்படை உறுப்பினர் கட்டணம், 2023 செப்டம்பரில் ஆண்டுக்கு 2,999இலிருந்து 3,949 ஆனது; ஐந்தாண்டுக்கு 19,745. கருவி 54,990. மொத்தம் 1,74,715 ரூபாய். நாம் இரவு பகலாக விவாதிக்கும் பெட்டி இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! காகிதத்தைப் பார்த்த பேரன் சற்று நேரம் பேசவில்லை.

இந்தத் தொகையை வேறொன்றுடன் ஒப்பிடும் சபலம் எனக்கு வந்ததை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஒன்றியத்தில் நூறு நாள் வேலைக்குச் செல்பவருக்கு 2025-26இல் நாள்கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தாலும் 33,600. ஆனால் இதைச் சொல்லிப் பிள்ளைகளைக் குற்றவுணர்வில் தள்ளுவது பொருளாதாரம் அன்று. பொழுதுபோக்கும் ஒரு தேவைதான். மேலும், பழைய கருவியிலும் அவன் விளையாட்டுகள் வாங்கியே தீருவான். ஆகவே பார்க்க வேண்டியது மொத்தச் செலவை அல்ல. புதியதற்கு மாறுவதால் ஏற்படும் கூடுதல் செலவையும், கிடைக்கும் கூடுதல் பயனையும்தான்.

கூடுதல் பயன் எது? பழைய கருவியில் சுழலும் வன்தட்டு. புதியதில் வினாடிக்கு 5.5 ஜிபி வரை தரவு வாசிக்கும் திடநிலைச் சேமிப்பகம். ஒரு காட்சி திறக்க ஒரு நிமிடம் காத்திருந்த இடத்தில் சில வினாடிகள் போதும். இது மெய்யான முன்னேற்றம். ஆனால் விளம்பரங்களில் காட்டும் 4கே துல்லியம், வினாடிக்கு 120 பிம்பங்கள் என்பனவெல்லாம் தொலைக்காட்சியைப் பொறுத்தவை. எங்கள் வீட்டில் இருப்பது 32 அங்குல எச்டி தொலைக்காட்சி. அதில் புதிய கருவியை இணைப்பது, ஒற்றையடிப் பாதையில் பந்தயக் கார் ஓட்டுவது போன்றது. நிரப்புப் பண்டம் என்று பாடநூலில் சொல்வோமே, அது இல்லாமல் முதன்மைப் பண்டத்தின் பயன் பாதியாகிவிடும். இணையமும் அப்படியே. 100 ஜிபி அளவுள்ள விளையாட்டை 30 எம்பிபிஎஸ் இணைப்பில் தரவிறக்க ஏழு மணி நேரத்துக்கு மேலாகும், நடுவில் மின்சாரம் போகாமல் இருந்தால். மின்கட்டணம் குறித்து பேரனின் பாட்டி கவலைப்பட்டாள்; அதற்கு அவசியமில்லை. ஏறத்தாழ 200 வாட் எடுக்கும் கருவி தினமும் இரண்டு மணி நேரம் ஓடினால், இரண்டு மாதங்களுக்கு 24 யூனிட்.

நான் அதிகம் யோசித்தது வட்டு இயக்கியைப் பற்றித்தான். டிஜிட்டல் வகையில் 10,000 ரூபாய் மிச்சம் என்பது கவர்ச்சியான தூண்டில். ஆனால் வட்டில் வாங்கிய விளையாட்டை முடித்தபின் விற்கலாம், நண்பனிடம் மாற்றிக்கொள்ளலாம், திண்டுக்கல்லிலோ மதுரையிலோ பழைய வட்டைப் பாதி விலைக்கு வாங்கலாம். தரவிறக்கியதை இரவலும் கொடுக்க முடியாது, விற்கவும் முடியாது. 4,999 ரூபாய் வட்டு பாதி விலைக்கு விலைபோனாலும், நான்கே வட்டுகளில் அந்த 10,000 ஏறக்குறைய திரும்பிவிடும். நம்மைப் போன்ற வீடுகளுக்கு இன்னொரு செய்தி: பழைய கருவியின் மிகப் பெரும்பாலான விளையாட்டுகள் புதியதிலும் ஓடும், ஆனால் அவை வட்டில் இருந்தால் இயக்கி வேண்டும். பேரனிடம் உள்ள ஒன்பது வட்டுகளும் டிஜிட்டல் வகையின் முன் வெறும் தட்டுகளே. மெல்லிய வடிவத்தில் இயக்கியைப் பின்னர் பொருத்தலாம் என்றாலும் அது தனிச் செலவு.

பழைய பொருள் சந்தையை உற்பத்தியாளர் ஏன் விரும்புவதில்லை என்பதைத் திண்டுக்கல்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தேய்மானமே இல்லாத பொருளை விற்கும் ஏகபோக நிறுவனம், நேற்று தான் விற்ற பொருளுடனேயே இன்று போட்டியிட நேரும் என்று 1972இல் ரொனால்டு கோஸ் எழுதினார். அந்தக் கட்டுரையை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் திண்டுக்கல் பூட்டைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். தாத்தா வாங்கிய பூட்டு பேரன் காலத்திலும் திறந்து மூடினால், பூட்டுக் கைவினைஞருக்கு அந்த வீட்டில் இரண்டாவது விற்பனை ஏது? அலிகார் பூட்டுகளின் போட்டி ஒருபுறம் என்றால், தன் உழைப்பின் தரமே மறுபுறம் அவருக்கு எதிராக நின்றது. 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த அந்தப் பூட்டுக்கு யாரும் ‘ஐந்தாம் தலைமுறை’ என்று பெயரிடவில்லை. விளையாட்டுக் கருவி நிறுவனங்களோ தலைமுறையையும் பெயரிட்டு, மறுவிற்பனையையும் மெல்ல மூடிவருகின்றன.

பேரனுக்கு ஒரு வலுவான வாதம் மிச்சமிருந்தது. அவன் எதிர்பார்த்திருக்கும் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 6’ புதிய தலைமுறைக் கருவிகளுக்கு மட்டுமே அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது நியாயமான காரணம்தான். விளையாட விரும்பும் ஒன்று பழைய கருவியில் ஓடாது என்ற நிலை வரும் நாளே மாறுவதற்குரிய நாள் என்றேன். அந்த விளையாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே 54,990 ரூபாயை முடக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் அவன் தன் பழைய கருவியின் உண்மையான குறையைச் சொன்னான்: ஆலை இரைச்சல்போல ஓடும் விசிறி. திண்டுக்கல்லில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். ஏழாண்டுத் தூசியை ஊதி எடுத்து, சில்லின் மேல் காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையை மாற்றிக் கொடுத்தார்கள். இரைச்சல் அடங்கிவிட்டது. திரும்பும் பேருந்தில், “அந்த கேம் வரட்டும் தாத்தா, டிஸ்க் உள்ளதாவே வாங்கிக்கிறேன்” என்றான். பாதிப் பணம் நான் தர வேண்டுமாம்.