மேகத்துக்குள் ஆட்டோபைலட்

1914-இல் பாரிஸில், சென் ஆற்றின் மேல் பறந்துகொண்டிருந்த லாரன்ஸ் ஸ்பெர்ரி, கரையில் நின்ற கூட்டம் பார்க்க இரு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவருடைய உதவியாளர் இறக்கை மேல் ஏறி நடந்தார். விமானம் கவிழவில்லை. உள்ளே சுழன்ற கைரோஸ்கோப்புகள் சாய்வை உணர்ந்து அதைத் தாமே சரிசெய்தன. இன்றைய ஆட்டோபைலட்டும் அந்த வழியில் வந்ததே. விமானி திசையையும் உயரத்தையும் குறித்துக் கொடுத்தால், எவ்வளவு விலகினோம் என்று ஓயாமல் அளந்து அது திருத்திக்கொண்டே இருக்கும்.

மனித உடம்பால் இது முடியாது. சாய்வை நமக்குச் சொல்வது உட்செவியில் உள்ள திரவம். ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் அதுவும் கூடவே நகரத் தொடங்கும். நேராகப் போவதாகவே தோன்றும். அடிவானம் தெரியும்வரை கண் காப்பாற்றும். மேகத்தில் அடிவானமும் மறைந்துவிடும்.

அப்படியானால் ஆட்டோபைலட்டை நம்பி மலையேறலாமா? உயரத்தைக் காக்க அது பெரும்பாலும் காற்றழுத்தத்தை நம்புகிறது. கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்றால் அதே மட்டத்தில் போகும். எதிரே மலை எழுவதை அறியாது. மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், மலைமேல் உள்ள குன்னூர் 1,850. இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை.

2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப்படையின் மி-17வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் பயணித்த பதினான்கு பேரையும் இழந்தோம். எந்திரக் கோளாறோ நாசவேலையோ இல்லை என்றது விசாரணைக் குழு. வானிலை திடீரென மாறி ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புக, விமானிக்குத் திசையுணர்வு குழம்பி, நல்ல நிலையில் இருந்த எந்திரம் மலையில் மோதியது.

அன்று உயிர் பிழைத்தவர் குரூப் கேப்டன் வருண் சிங் ஒருவரே. ஒரு வாரத்தில் அவரும் போய்விட்டார். 2020 அக்டோபரில், தேஜஸ் போர் விமானத்தின் கட்டுப்பாட்டுக் கணினி அமைப்பே செயலிழந்து விமானம் வெறிகொண்டு ஏறி இறங்கியபோது, குதித்துத் தப்பாமல் அதைப் பத்திரமாகத் தரையிறக்கி சௌரிய சக்ரா பெற்றவர் அவர்.

ஆட்டோபைலட் அறியாத மலையைக் காட்டித்தர, நிலப்பரப்பு எச்சரிக்கைக் கருவி என்று தனியாக ஒன்று உண்டு. ஹெலிகாப்டர் இருக்குமிடத்தை மலைகளின் வரைபடத்தோடு ஒப்பிட்டு முன்கூட்டியே குரல் கொடுக்கும். ஆனால் பள்ளத்தாக்கில் தாழப் பறக்கும்போது நாலாபக்கமும் மலைதான். எச்சரிக்கை அடிக்கடி ஒலிக்கும். அவற்றில் எது உண்மையான ஆபத்து என்பதை விமானிதான் முடிவு செய்யவேண்டும், அதுவும் சில நொடிகளில்.