எல்லையில் ஓடும் அலைகள்

தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் அலையைப் பகலில் காரியாபட்டியில் கேட்டால், அது வானத்தில் பட்டுத் திரும்பி வந்ததல்ல. தரையைத் தழுவியே ஓடிவந்தது. பகலில் மேலே போகும் அலையை அயனமண்டலம் விழுங்கிவிடும். அதே அலை கடல்மேல் இலங்கைக்குத் தெம்பாகப் போகும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் காய்ந்த நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கடல்நீர் காய்ந்த மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்துவதே காரணம். மழை பெய்து மண்ணில் ஈரம் ஊறினால் தேய்மானம் குறையும். நிலமும் காற்றும் சேரும் எல்லையில் அலை ஓடும் இந்தக் கணக்கை 1907இல் ஜெர்மனியின் ஜென்னக் எழுதினார்.

எல்லையோடு இன்னும் இறுக்கமாக ஒட்டும் அலைகளும் உண்டு. தங்கத்தின் மேற்பரப்பில் ஒளி அப்படி ஓடும். எல்லையிலிருந்து இருபுறமும் விலக விலக வேகமாக மங்கும். அதற்கு ஒரு நிபந்தனை: மின்புலத்துக்கு இரு பொருள்களும் காட்டும் எதிர்வினை எதிரெதிர்க் குறியில் இருக்க வேண்டும். ஒளிக்கு உலோகம் எதிர்க்குறி, காற்று நேர்க்குறி. காந்தப்புலத்துக்கு இரண்டும் ஒன்றுபோலவே நடப்பதால், ஒரே வகை அதிர்வுத்தளம் (மின்புலம் அதிரும் தளம்) கொண்ட அலைக்கு மட்டும்தான் அங்கே இடம்.

இந்தக் கட்டுப்பாட்டை உடைப்பது மெட்டாமெட்டீரியல். அதன் குணம் மூலப்பொருளைவிட அதை அடுக்கிய வடிவத்திலிருந்தே வருகிறது. வடிவம் குணம் தருவதற்குப் பழைய சான்று உண்டு: கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 1898இல் முறுக்கிய சணல் கட்டுகளின் வழியே மின்காந்த அலையை அனுப்பினார், அதிர்வுத்தளம் திரும்பியது. எதிர்முறுக்கு வைத்தால் எதிர்ப்பக்கம் திரும்பியது. மின், காந்த எதிர்வினை இரண்டும் எதிர்க்குறியான பொருளை ரஷ்யாவின் வெசலாகோ 1960களில் ஏட்டில் ஆராய்ந்தார். 2000இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் செம்பு வளையங்களையும் கம்பிகளையும் அடுக்கி அதைச் செய்து காட்டினார்கள்.

அப்படிப்பட்ட பொருளின் எல்லையில் இருவகை அதிர்வுத்தள அலைகளும் ஒட்டி ஓடலாம். எல்லையின் ஒருபுறம் ஆற்றல் முன்னே போக, மறுபுறம் பின்னே போகும். பின்னே போவது மிஞ்சினால், முகடுகள் ஒரு திசையிலும் மொத்த ஆற்றல் எதிர்த்திசையிலும் நகரும். இருபுறமும் மெட்டாமெட்டீரியலையே வைத்தால், எந்த அலைவரிசை ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை வடிவமைப்பவரே பெருமளவு முடிவுசெய்யலாம்.

ஆனால் அடுக்கின் ஒவ்வோர் அலகும் அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருக்க வேண்டும். 1053 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 285 மீட்டர். பத்தில் ஒரு பங்கு என்றாலும் அலகு 28 மீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கோ சுமார் 50 நானோமீட்டர். அந்த அளவில் உலோகமே ஒளியை வெப்பமாக்கித் தின்றுவிடும். சென்டிமீட்டர் அலைகளில் இரண்டு சிக்கலும் குறைவு. அதனால்தான் ஆன்டெனாவின் பரப்பில் வழிந்தோடி வீணாகும் அலையைத் தடுக்கும் தகடுகள் அங்கே கைகூடின.