எடைக் குறைப்பில் தேவை நிலையான மாற்றம்

விடுதலைக்குப் பின் பல ஆண்டுகளாக நம் நாட்டின் உணவுக் கொள்கை ஒரே நோக்கத்தைக் கொண்டிருந்தது. எல்லா மக்களுக்கும் போதிய உணவு கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதே அது. அந்தப் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. ஆயினும் அதற்கு நேர்மாறான மற்றொரு பிரச்சினையும் இப்போது தோன்றியுள்ளது. 2019-21இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 18.7 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தனர். 24 சதவீதத்தினர் மிகை எடை கொண்டிருந்தனர். ஆண்களில் இவ்விகிதங்கள் முறையே 16.2, 22.9 சதவீதமாகும். மெலிந்தோரைவிட மிகை எடை உள்ளோரே இன்று எண்ணிக்கையில் அதிகம்.

மாநிலங்களுக்கிடையே வேறுபாடு பெரிது. பெண்களிடையே மிகை எடை தில்லியில் 41.3 சதவீதமாகவும், பஞ்சாபில் 40.8 சதவீதமாகவும், தமிழ்நாட்டில் 40.4 சதவீதமாகவும் இருக்க, ஜார்க்கண்டில் 11.9 சதவீதமாகவே இருந்தது. நகர்ப்புறத்தில் மூவரில் ஒரு பெண்ணும், கிராமப்புறத்தில் ஐவரில் ஒரு பெண்ணும் மிகை எடை உள்ளவர்கள். எனவே இதைச் செல்வந்தர்களின் நோய் என்று ஒதுக்கிவிட இயலாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அந்நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில் உடற்பருமன் முதன்மையானது.

எடையைக் குறைக்க விரும்புவோர் தொகையும் பெருகிவருகிறது. ஆனால் குறைத்த எடையைக் காத்துக்கொள்வோர் சிலரே. இதற்கான காரணத்தை அறிந்துகொள்வது, எந்த உணவு முறையைப் பின்பற்றுவது என்று அறிவதைவிட முக்கியமானது.

எடையை மதிப்பிடும் முறை

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். 160 சென்டிமீட்டர் உயரமும் 64 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியீட்டெண் 25 ஆகும். உலக அளவில் 25 முதல் மிகை எடை என்று கொள்ளப்படுகிறது. தேசியக் குடும்ப நல ஆய்வும் இவ்வளவையே கையாள்கிறது. இந்தியர்களுக்கோ 23ஐத் தாண்டியவுடனேயே எச்சரிக்கை தேவை என்பது மருத்துவ வல்லுநர்களின் கருத்து. இதே உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 59 கிலோ.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட இந்தியரின் உடலில் கொழுப்பு மிகுதி, தசை குறைவு. புனேயைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் சி. எஸ். யாஜ்னிக், பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004இல் தங்கள் உடல்களையே சான்றாகக் காட்டினர். இருவரின் குறியீட்டெண்ணும் 22.3, ஆனால் கொழுப்பின் பங்கோ ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். ஆகவே எடை பார்ப்பதுடன் இடுப்புச் சுற்றளவையும் அளத்தல் நல்லது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன.

விரைவு முறைகளின் விளைவு

உணவைத் திடீரெனப் பாதியாகக் குறைத்தால் முதல் வாரத்திலேயே எடை இரண்டு மூன்று கிலோ இறங்கக்கூடும். இது மகிழ்ச்சியூட்டுவது இயல்பே. ஆயின் இறங்கிய எடையில் பெரும்பங்கு கொழுப்பன்று. கல்லீரலிலும் தசைகளிலும் சேமிக்கப்பட்டுள்ள மாவுச்சத்து, தன்னுடன் மும்மடங்கு நீரையும் பிடித்து வைத்திருக்கிறது. பட்டினியின்போது அச்சேமிப்பு கரைய, நீரும் வெளியேறுகிறது. வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் இரண்டும் மீண்டும் நிரம்பிவிடுகின்றன.

கடும் பட்டினி தொடருமாயின் கொழுப்புடன் தசையும் கரையத் தொடங்குகிறது. ஏற்கெனவே தசை குறைந்த இந்திய உடலுக்கு இது பெருநஷ்டம். மேலும், உணவு குறைந்ததை உணர்ந்த உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது, பசியைத் தூண்டுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடைபெற்ற எடைக் குறைப்புப் போட்டியொன்றில் பங்கேற்ற 14 பேரைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. அவர்கள் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தனர். ஆறு ஆண்டுகளுக்குப் பின் 41 கிலோ திரும்ப வந்திருந்தது. அப்போதும் அவர்களது உடல், ஓய்வு நிலையில் எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே செலவிட்டது.

அவ்வாறாயின் மெதுவாகக் குறைத்தாலே எடை நிலைத்துவிடுமா? அதுவும் முழு உண்மையன்று. ஆஸ்திரேலியாவில் ஒரு குழுவினர் 12 வாரங்களிலும் மற்றொரு குழுவினர் 36 வாரங்களிலும் எடையைக் குறைத்தனர். 2014இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ மூன்றாண்டுகளில் இரு குழுவினரும் இழந்த எடையில் சுமார் 71 சதவீதத்தைத் திரும்பப் பெற்றிருந்தனர். அண்மைக் காலத்தில் புழக்கத்துக்கு வந்துள்ள செமாகுளுடைட், டிர்செபடைட் முதலிய ஊசி மருந்துகளாலும் எடை கணிசமாகக் குறைகிறது. மருத்துவர் தேவையென்று கருதுவோருக்கு அவை பயன் தருகின்றன. ஆனால் மருந்தை நிறுத்தியபின் இழந்த எடையின் பெரும்பகுதி மீள்கிறது.

இவையனைத்தும் உணர்த்துவது ஒன்றே. வேகமோ மந்தமோ எடையைக் காப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிக்கத்தக்க பழக்கமே காக்கிறது. படிப்படியான முறையின் சிறப்பு, அத்தகைய பழக்கம் உருவாவதற்கு அது காலம் தருகிறது என்பதில்தான் உள்ளது.

வரவு செலவுக் கணக்கு

உணவின் மூலம் கிடைக்கும் ஆற்றல் செலவைவிட மிகுந்தால் எஞ்சியது கொழுப்பாகச் சேரும். இம்மிகை பெரும்பாலும் சிறு அளவுகளிலேயே நிகழ்கிறது. குறைப்பதற்கும் சிறு அளவுகள் போதுமானவை. உணவிலிருந்து நாள்தோறும் சுமார் 24 கலோரியை நிலையாகக் குறைத்தால், காலப்போக்கில் எடை ஒரு கிலோ குறையும் என்று 2011இல் வெளியிடப்பட்ட கணக்கீடொன்று கூறுகிறது. அதில் பாதி முதல் ஆண்டில் நிகழும். ஏறத்தாழ முழுமையாக நிகழ மூன்றாண்டுகள் ஆகும்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நாள்தோறும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையுடன் தேநீர் அருந்துபவர், சர்க்கரையைப் பாதியாக்கினால் 60 கலோரி குறையும். எண்ணெயில் 10 கிராம் குறைத்தால் 90 கலோரி. சமைக்கும் அரிசியிலோ கோதுமை மாவிலோ 25 கிராம் குறைத்தால் மேலும் சுமார் 90 கலோரி. ஆக மொத்தம் 240 கலோரி. மேற்கூறிய கணக்கின்படி முதல் ஆண்டில் 5 கிலோவும், மூன்றாண்டுகளில் 10 கிலோ வரையும் குறைய இது வழிசெய்யும். ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுபடும் என்பது உண்மையே. ஆயினும் இதில் பட்டினி இல்லை. தனிச் சமையலும் தேவையில்லை.

இதைவிடச் சற்று விரைவாகக் குறைக்க விரும்புவோருக்கும் எல்லை உண்டு. வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே பாதுகாப்பானது என்றும், நாளுணவு 1,000 கலோரிக்குக் கீழே செல்லலாகாது என்றும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அறிவுறுத்துகிறது.

உணவில் செய்யத்தக்க மாற்றங்கள்

வடக்கே சப்பாத்தியும் பராத்தாவும், தெற்கே சோறும் இட்டிலியும், கிழக்கே சோறும் இனிப்பு வகைகளும் என உணவு வேறுபட்டாலும், இந்தியத் தட்டின் குறை ஒன்றுதான்: தானியம் மிகுதி, பருப்பும் காய்கறியும் குறைவு. 2025இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்றின்படி, இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதமே.

2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 2,000 கலோரி உணவுக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறிகள் 400 கிராம், பழங்கள் 100 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி வகைகள் 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லிலிட்டர், கொட்டைகளும் வித்துக்களும் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் 27 கிராம் என அளவிட்டுள்ளன. நான்கு பெரியவர்கள் உள்ள குடும்பத்துக்கு எல்லா வகை எண்ணெயும் நெய்யும் சேர்த்து மாதம் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் போதுமானது என்று இதிலிருந்து கணக்கிடலாம். மளிகைப் பட்டியலைப் பார்க்கும் எந்த இல்லத்தரசியும் தம் வீட்டின் நிலையை உடனே அறிந்துகொள்ள இயலும்.

மாற்றங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது நலம். முதல் மாதத்தில் தேநீரிலும் காப்பியிலும் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். அடுத்த மாதம், புட்டியிலிருந்து நேராக ஊற்றாமல் எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றும் வழக்கத்தைக் கொள்ளலாம். பின்னர், சோற்றையோ சப்பாத்தியையோ பரிமாறும் முன்பே காய்கறியையும் பருப்பையும் தட்டில் இட்டுக்கொள்ளலாம். பெரும்பாலான கீரைகளும் காய்களும் 100 கிராமுக்கு 50 கலோரிக்கும் குறைவானவை, வயிற்றையும் நிறைக்கின்றன. உருளைக்கிழங்கை இக்கணக்கில் சேர்க்கலாகாது. பருப்புக்கும் அரிசிக்கும் கலோரி ஏறத்தாழ ஒன்றே; ஆகவே பருப்பைக் கூட்டும்போது அதே அளவு தானியத்தைக் குறைத்தல் வேண்டும். கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவை நார்ச்சத்து மிக்கவை என்றாலும் அளவின்றி உண்ணத்தக்கவை அல்ல.

விரதமும் கவனத்துக்குரியது. ஒருவேளை உணவைத் தவிர்த்துவிட்டு, அதற்கு ஈடாக ஜவ்வரிசி வடையும் வறுத்த உருளைக்கிழங்கும் உண்பதால் கலோரி குறைவதில்லை. பண்டிகை நாளில் இனிப்பு உண்பதால் முறை குலைந்துவிடாது. பண்டிகைக்குப் பின்னும் அது தொடர்வதே இடர்.

உடலுழைப்பு

2024இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்றின்படி, 2022இல் இந்தியாவின் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பெண்களில் இது 57 சதவீதம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் இந்த அளவை எட்டிவிடலாம்.

அரைமணி நடையில் செலவாகும் ஆற்றல் சுமார் 100 கலோரிதான். இரண்டு சமோசாக்கள் அதை எளிதில் ஈடுசெய்துவிடும். எனவே நடையை மட்டும் நம்பி எடையைக் குறைப்பது கடினம். ஆனால் குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காப்பதில் நடைக்குப் பெரும் பங்குண்டு. வாரத்தில் இரு நாள்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை. நாற்காலியிலிருந்து கைப்பிடியின்றிப் பன்முறை எழுந்து அமர்வதும், படியேறுவதும், நீர்க்குடத்தைத் தூக்குவதும் இதில் அடங்கும். பூங்காவுக்குச் செல்ல வாய்ப்பற்ற பெண்கள் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ பத்துப் பத்து நிமிடங்களாக மும்முறை நடந்தாலும் பயன் ஒன்றே.

பயன் எடையில் மட்டுமன்று

எடை இயந்திரத்தில் முள் நகராத வாரங்களும் வரும். அதனால் மனந்தளர வேண்டியதில்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. மூன்றாண்டுகளில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 சதவீதத்தினரும், உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்டோரில் 39.3 சதவீதத்தினரும் நீரிழிவுக்கு ஆளாயினர். வியப்புக்குரியது என்னவெனில், திருத்திக்கொண்டோரின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பழக்க மாற்றமே நோயைத் தடுத்தது. எடையும் 5 முதல் 10 சதவீதம் குறையுமாயின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மேலும் சீரடையும். 70 கிலோ எடையுள்ளவருக்கு இது மூன்றரை முதல் ஏழு கிலோ வரையே.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் சிறார்கள், காசநோயாளிகள் ஆகியோர் தாமாக உணவைக் குறைக்கலாகாது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரிடம் மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளாமல் உணவைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். முயற்சியேதுமின்றி எடை குறையுமானால் அதுவே நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

சமுதாயத்தின் பொறுப்பு

தனிமனித உறுதி மட்டும் போதாது. 30 வயதுக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு, இரத்த அழுத்தப் பரிசோதனைகள் அரசின் ஆரோக்கிய நிலையங்களில் செய்யப்படுகின்றன. 2018இல் தொடங்கிய சரியான உணவு இயக்கமும், 2019 ஆகஸ்டு 29 அன்று தொடங்கிய ஃபிட் இந்தியா இயக்கமும் விழிப்புணர்வை வளர்க்க முனைந்துள்ளன. ஆனால் நடைபாதையே இல்லாத சாலையில் நடக்கும்படி கூறுவதால் பயனில்லை. பள்ளி வாயிலில் பொரித்த பண்டங்களும் இனிப்பு நீரும் மட்டுமே விற்கப்படுமாயின் பாடநூல் அறிவுரை பலிக்காது. நடைபாதைகளையும் விளையாட்டிடங்களையும் நகராட்சிகள் பேண வேண்டும். அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகளில் சுண்டலுக்கும் பழத்துக்கும் இடம் வேண்டும். ஒருபுறம் மெலிவும் மறுபுறம் பருமனும் உள்ள நாட்டில், பருப்பும் காய்கறியும் ஏழைக் குடும்பங்களுக்கும் எட்டும் விலையில் கிடைக்கச் செய்வது இரு குறைகளையும் ஒருசேரக் களையும்.

சில ஆண்டுகளில் ஏறிய எடை சில வாரங்களில் இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயற்கைக்கு ஒவ்வாது. அளந்து ஊற்றிய எண்ணெய், பாதியாகிய சர்க்கரை, தட்டில் முதலிடம் பெற்ற காய்கறி, நாள்தோறும் அரைமணி நடை ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. மூன்றாண்டுகள் கழித்தும் ஒரு குடும்பத்தில் இவை தொடர்கின்றனவா என்பதே இம்முயற்சியின் வெற்றிக்குச் சரியான அளவுகோல்.